தரகரின் கையெழுத்து

என்னிடம் இரண்டு கடன் பத்திரங்கள் இருக்கின்றன.

ஒன்று 1954இல் கும்பகோணத்தில் என் தாத்தா எழுதிக்கொடுத்த ஈட்டுப் பத்திரம். மூன்று முத்திரைத்தாள். மடிப்புகளில் கிழிந்து, அப்பா பின்பக்கம் பட்டர் பேப்பர் ஒட்டி வைத்திருக்கிறார். பாத்திரக் கடை வைப்பதற்காகத் தாத்தா தன் வீட்டை ஈடாக வைத்து 2,500 ரூபாய் வாங்கியிருக்கிறார். வட்டி 100க்கு மாதம் 12 அணா. கணக்குப் போட்டால் மாதம் 18 ரூபாய் 12 அணா, வருடத்துக்கு 9 சதவீதம். கடைசித் தாளின் அடியில் இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. அதில் முதல் கையெழுத்து தரகருடையது.

இன்னொன்று 2023இல் சென்னையில் ஃபிளாட் வாங்க நான் கையெழுத்துப் போட்ட வீட்டுக் கடன் ஒப்பந்தம். 68 பக்கம். 50 லட்சம் கடன், 20 வருடம், 8.75 சதவீதம். இதிலும் ஒரு தரகர் உண்டு. ஆனால் 68 பக்கத்தில் எங்கு தேடினாலும் அவர் பெயர் இல்லை. விண்ணப்பப் படிவத்தின் மூலையில் ஒரு கட்டம். அதற்குள் ஏழு இலக்க எண். அதுதான் அவர்.

வங்கிக்கு நேராகப் போவதா, ஏஜென்ட் வழியாகப் போவதா என்று வீடு வாங்கும் வயதிலிருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அதையே கேட்டேன். இந்த இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு அந்தக் கேள்வியே கொஞ்சம் தப்பாகக் கேட்கப்படுகிறது என்று தோன்றியது.

*

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டிய அன்றே பில்டர் அலுவலகத்தில் அவரை அறிமுகப்படுத்தினார்கள். முப்பது வயதுக்குள் இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கையில் இரண்டு போன். "சார், நீங்களே பேங்க்குக்குப் போனா ஒரு மாசம் அலைவீங்க. எங்கிட்ட குடுத்தா பத்து நாள்ல முடிச்சுத் தர்றேன். உங்களுக்கு ஒரு பைசா செலவில்ல" என்றார்.

சொன்னபடி முடித்தும் கொடுத்தார். சம்பளச் சீட்டு, படிவம் 16, தாய்ப்பத்திர நகல், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் அவரே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போனார். பதினோராம் நாள் கடன் மஞ்சூர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் பென்சிலால் குறித்த இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். மென்பொருள் எழுதுகிறவன் நான். எதையும் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அழுத்துகிறவர்களைப் பற்றி அலுவலகத்தில் நிறையக் கிண்டலடித்திருக்கிறேன்.

நான்கு மாதம் கழித்து வந்த கணக்கு அறிக்கையில் கடன் 51 லட்சத்து 40 ஆயிரம் என்று இருந்தது. கூடுதல் 1 லட்சத்து 40 ஆயிரம் ஒரே தவணைக் காப்பீட்டு பிரீமியம். அதையும் கடனாகவே கொடுத்து, கடனோடு சேர்த்திருந்தார்கள். 8.75 சதவீதத்தில் 20 வருடத்துக்கு அதற்கு மட்டும் நான் கட்டப்போவது ஏறத்தாழ 2 லட்சத்து 97 ஆயிரம். அதே மாதத்தில் அதே வங்கிக்கு நேராகப் போய் அதே தொகை வாங்கிய கீழ்த்தளத்துக்காரருக்கு வட்டி 8.5. கால் சதவீதம்தானே என்று தோன்றும். 50 லட்சத்துக்கு அது மாதம் 795 ரூபாய். 240 மாதத்தில் 1,90,800.

வட்டி வித்தியாசத்துக்கு ஏஜென்ட்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. கீழ்த்தளத்துக்காரர் மேனேஜரிடம் பேரம் பேசியிருக்கிறார். எனக்காகப் பேச வேண்டியவர் பேசவில்லை, அவ்வளவுதான். வங்கிக் கிளையில் போய்க் கேட்டேன். "காப்பீடு கட்டாயம்னு யார் சார் சொன்னது?" "உங்க ஏஜென்ட்." "எங்க ரெகார்டுல அப்படி எதுவும் இல்லையே." ஏழு இலக்க எண்ணைக் காட்டினேன். அது ஒரு நிறுவனத்தின் குறியீடாம். அந்த நிறுவனத்தில் அந்தப் பையன் இப்போது இல்லை. இரண்டு போன்களும் அணைந்து கிடந்தன.

*

தரகு என்பது தமிழுக்குப் புதிய சொல் அல்ல. இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளின் நீண்ட வரிப் பட்டியல்களில் தரகும் ஒன்று. வரி போடும் அளவுக்கு அதில் வருமானம் இருந்திருக்கிறது.

தரகர் எதை விற்றார் என்று யோசித்தால், ஆளைப் பற்றிய அறிவை. கையில் பணம் வைத்திருப்பவனுக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். கேட்கிறவன் எப்படிப்பட்ட ஆள்? அவன் ஈடு வைக்கும் வீடு உண்மையில் அவனுடையதுதானா? இரண்டும் காகிதத்தில் இல்லாத காலத்தில் யாரோ ஒருவரின் தலைக்குள்தான் இருந்தன.

ஐரோப்பியக் கம்பெனிகள் சோழமண்டலக் கரைக்கு வந்தபோது அவர்களுக்கு முதலில் தேவைப்பட்டதும் அந்தத் தலைதான். துபாஷி என்றால் இரு மொழி பேசுபவர். ஆனால் மொழிபெயர்ப்பு அவர் வேலையில் சின்னப் பகுதி. எந்த வணிகரின் வாக்கு செல்லும், யாருக்கு முன்பணம் கொடுக்கலாம் என்று சொல்வதே பெரிய வேலை. நாம் நாட்குறிப்பு எழுதியவராக அறியும் ஆனந்தரங்கப் பிள்ளை, 1746இல் கனகராய முதலியார் இறந்த பிறகு புதுச்சேரியில் ஏற்ற தலைமைத் துபாஷிப் பதவிக்குப் பிரெஞ்சில் 'கூர்த்தியே' என்று பெயர். நேர்ப் பொருள் தரகர். அவருடைய நாட்குறிப்பில் யார் என்ன நஜர் கொடுத்தார் என்பதெல்லாம் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும். அன்றைக்கு அது ஒளித்து வைக்க வேண்டிய விஷயம் இல்லை.

கம்பெனிச் சம்பளம் ஒரு பக்கம், வணிகரின் மரியாதை இன்னொரு பக்கம். துபாஷி இருவருக்கும் ஆள். ஆனால் இருவருக்கும் அவர் முகம் தெரியும். ஊரில் அவருக்கு வீடு உண்டு, பகையும் உண்டு. ஓடிப்போக முடியாது.

*

தலைக்குள் இருந்ததைக் காகிதத்துக்கு மாற்றும் வேலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் சட்டம் எடுத்துக்கொண்டது. 1864இல் பதிவுச் சட்டம் வந்தது. இன்று நாம் வாங்கும் வில்லங்கச் சான்று அந்தப் பதிவேடுகளின் பிள்ளை. வீடு யாருடையது என்பதை இனி தரகர் சொல்ல வேண்டாம், சார்பதிவாளர் அலுவலகம் சொல்லும்.

1882இல் வந்த சொத்துரிமை மாற்றுச் சட்டம் ஈட்டின் வகைகளை வரையறுத்தது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட ஈடு என்றால் பதிவு செய்யப்பட வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். தாத்தாவின் பத்திரம் இந்த வகை. சென்னை, கல்கத்தா, பம்பாய் போன்ற சில துறைமுக நகரங்களுக்கு மட்டும் ஒரு சலுகை தந்தார்கள். அவசரப் பணம் தேவைப்படும் வணிகன் பத்திரம் எழுத வேண்டாம், சாட்சி தேட வேண்டாம். வீட்டின் மூலப்பத்திரத்தைக் கடன் கொடுப்பவர் கையில் ஒப்படைத்தாலே போதும், அது ஈடு. அரசு அறிவிக்கும் மற்ற ஊர்களுக்கும் இது பின்னர் விரிந்தது. இன்று வங்கியில் 'எம்.ஓ.டி.' என்று சொல்லி நம்மிடம் மூலப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்வது இந்த வணிகச் சலுகையின் வழிவந்ததுதான். இதற்கான ஆவணத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது 2012இல். அதுவரை 130 வருடம் அது கைக்குக் கை போன விஷயம்.

அந்தச் சட்டப்பிரிவில் ஒரு சொல் என்னை நிறுத்தியது. பத்திரத்தை யாரிடம் ஒப்படைக்க வேண்டும்? கடன் கொடுப்பவரிடம், அல்லது அவருடைய முகவரிடம். முகவர் என்றால் அவருடைய முகவர். கடன் வாங்குகிறவனுக்கு ஒரு முகவர் இருக்கக்கூடும் என்ற நினைப்பே அந்த வரியில் இல்லை. என் டைனிங் டேபிளில் உட்கார்ந்து காபி குடித்தவர் யாருடைய ஆள் என்பதற்கான பதில் 1882லேயே எழுதப்பட்டுவிட்டது.

*

இடையில் ஆளே இல்லாமல் வீட்டுக் கடன் வாங்கும் வழி சென்னையில் ஏற்கனவே ஒன்று இருந்தது. 1872இல் தொடங்கியது மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட். அதன் பெயரில் உள்ள 'பெர்மனென்ட்' எதற்கு என்று எனக்கு நெடுநாள் புரியவில்லை.

அதன் வேர் இங்கிலாந்தில். 1775இல் பர்மிங்காம் நகரில் ரிச்சர்ட் கெட்லி என்ற சத்திரக்காரரின் விடுதியில் கூடியவர்கள் மாதாமாதம் பணம் போட்டு, சேர்ந்த பணத்தில் ஒவ்வொருவராக வீடு கட்டிக்கொண்டார்கள். நம்மூர்ச் சீட்டு மாதிரிதான். எல்லோருக்கும் வீடு கிடைத்ததும் சங்கத்தைக் கலைத்துவிடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில், கலையாமல் புது ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போகும் சங்கங்கள் வந்தன. அவை பெர்மனென்ட், நிரந்தரச் சங்கங்கள். அந்தச் சொல்தான் மயிலாப்பூர் வரை வந்து சேர்ந்தது.

நிதிகளின் அடிப்படை எளிது. உறுப்பினர் மட்டுமே பணம் போடலாம், உறுப்பினர் மட்டுமே கடன் வாங்கலாம். போடுகிறவரும் வாங்குகிறவரும் ஒரே தெருக்காரர்கள், ஒரே குளக்கரையில் பார்த்துக்கொள்கிறவர்கள். ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தரகர் எதற்கு? இன்றைய நிதி நிறுவன விதிகளும் (2014) இதை வெளிப்படையாகச் சொல்கின்றன: டெபாசிட் திரட்டவோ கடன் கொடுக்கவோ நிதிகள் யாருக்கும் தரகு தரக்கூடாது.

நேரடி என்பதாலேயே நல்லது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் கம்பெனி திவாலானபோது, பெயர்ப்பலகையை நம்பி நேராகப் போய்ப் பணம் போட்ட ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். அந்த அதிர்ச்சியிலிருந்துதான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. நூறு வருடம் கழித்துச் சில நிதிகளும் கவிழ்ந்தன. தெருக்காரர் என்ற பழக்கம் போய், தெரியாதவரெல்லாம் உறுப்பினர் ஆன பிறகு நிதியும் வெறும் பெயர்ப்பலகைதான்.

*

சுதந்திரத்துக்குப் பின் நெடுங்காலம் நடுத்தரக் குடும்பத்துக்கு வங்கி வீட்டுக் கடன் என்பது பழக்கத்தில் இல்லாத ஒன்று. அரசு ஊழியருக்கு வீடு கட்டும் முன்பணம், மற்றவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம், சேமநல நிதி, மனைவியின் நகை. 1977இல் எச்.டி. பரேக் பம்பாயில் எச்.டி.எஃப்.சி.யைத் தொடங்கினார். ஐ.சி.ஐ.சி.ஐ.யில் ஓய்வு பெற்ற பிறகு தொடங்கியது அது. மாதச் சம்பளத்தை நம்பி நீண்ட காலக் கடன் தரலாம் என்ற எண்ணம் அப்போது இந்தியாவில் புதுசு. தேசிய வீட்டுவசதி வங்கி 1988இல் வந்தது.

அப்பா 1996இல் வீட்டை இடித்துக் கட்ட வங்கிக்கு நேராகப் போனவர். ஆறு மாதம் நடந்தார். "மேனேஜர் நல்லவர்தான். ஆனா நாளைக்கு வாங்கம்பார். நாளைக்குப் போனா அவர் கேம்ப்ல இருப்பார்" என்று இப்போதும் சொல்வார். அந்த ஆறு மாதத்தில் சிமென்ட் விலை ஏறியது. நேரடியாகப் போவதற்கும் விலை உண்டு. அது யார் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

பிறகு தனியார் வங்கிகளோடு டி.எஸ்.ஏ. என்ற நேரடி விற்பனை முகவர்கள் வந்தார்கள். பெயரில்தான் 'நேரடி'. 2000இல் சிபில் தொடங்கி, பிறகு மூன்று இலக்க மதிப்பெண்ணும் வந்தது. கேட்கிறவன் எப்படிப்பட்ட ஆள் என்பதை இனி எண் சொல்லும். வீடு யாருடையது என்பதை வில்லங்கச் சான்று சொல்லும். தர்க்கப்படி தரகர் இந்த இடத்தில் காணாமல் போயிருக்க வேண்டும். மாறாகப் பெருகினார்.

ஏன் என்பதைத் திருப்பூரில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் தெரிந்துகொண்டேன். பன்னிரண்டு தையல் மிஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறான். சம்பளச் சீட்டு கிடையாது. மூன்று வங்கிகளுக்கு நேராகப் போனான். கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான்காவதாக ஒரு ஏஜென்ட் வந்தார். ஜி.எஸ்.டி. கணக்கையும் வங்கிக் கணக்கு வரவையும் பார்த்துக் கடன் தரும் நிறுவனம் எது, அதில் எந்தக் கிளை, அந்தக் கிளையில் என்ன காகிதம் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்று வாரத்தில் கடன் வந்தது. "அண்ணா, நீ உன் ஏஜென்ட்ட திட்டு. எனக்கு அவர் குலசாமி" என்றான்.

அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. அறிவின் திசை மாறிவிட்டது. தாத்தா காலத்தில் பணக்காரனுக்குக் கடன்காரனைத் தெரியாது, தரகர் சொன்னார். இப்போது வங்கிக்கு நம்மை நன்றாகத் தெரியும். நமக்குத்தான் வங்கியைத் தெரியாது. தரகர் இன்று விற்பது வங்கியைப் பற்றிய அறிவை, நமக்கு. ஆனால் கூலி கொடுப்பது மட்டும் பழையபடி வங்கி. கடன் பட்டுவாடா ஆனால்தான் அவருக்குக் காசு. தொகை கூடினால் காசு கூடும். என் வட்டி குறைந்தால் அவருக்கு ஒரு பைசாவும் கிடையாது. "உங்களுக்கு ஒரு பைசா செலவில்ல" என்று அவர் சொன்னது பொய் இல்லை. நான் அவருக்குப் பைசா கொடுக்காததுதான் பிரச்சினையே.

*

மற்ற நாடுகள் இதே இடத்தில் இடித்துக்கொண்டிருக்கின்றன. 2008க்கு முந்தைய அமெரிக்காவில், தகுதிக்கு மேற்பட்ட வட்டியில் ஒருவரைக் கையெழுத்துப் போட வைத்தால் தரகருக்குக் கடன் நிறுவனம் கூடுதல் தொகை தந்தது. வீடுகள் ஏலத்துக்குப் போன பிறகு, வட்டி விகிதத்தை வைத்துத் தரகு தரக்கூடாது என்ற விதி 2011இல் அமலுக்கு வந்தது.

ஆஸ்திரேலியாவில் 2019இல் முன்னாள் நீதிபதி கென்னத் ஹெய்ன் தலைமையிலான ஆணையம் நேராக மூலத்துக்கே போனது. தரகருக்குக் கடன் கொடுப்பவர் பணம் தரக்கூடாது, வாங்குகிறவரே தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. தரகர்கள் எதிர்த்தார்கள். கையிலிருந்து பணம் கொடுக்க வேண்டுமென்றால் மக்கள் பெரிய வங்கிகளுக்கே போவார்கள், சிறிய நிறுவனங்கள் சாகும் என்றார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. திருப்பூர்த் தம்பியால் அந்தக் கட்டணத்தை முன்கூட்டியே கொடுத்திருக்க முடியாது. அரசு பின்வாங்கியது. பதிலாக, வாடிக்கையாளரின் நலனையே முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்ற சட்டக் கடமை 2021 ஜனவரி முதல் அங்கே தரகர் மேல் விழுந்தது. கூலி யார் கொடுத்தாலும் கடமை யாருக்கு என்பதைச் சட்டம் சொல்லிவிட்டது.

இங்கே 2024 அக்டோபர் முதல் ஒவ்வொரு சில்லறைக் கடனுக்கும் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. காப்பீடு உட்பட நம்மிடம் வாங்கும் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஒரே வருட விகிதமாகக் காட்ட வேண்டும். எனக்கு ஒரு வருடம் முன்பே வந்திருந்தால் அந்த 1 லட்சத்து 40 ஆயிரம் முதல் பக்கத்திலேயே கண்ணில் பட்டிருக்கும். ஆனால் நாம் கொடுப்பதுதான் அந்த விகிதத்தில் வரும். வங்கி ஏஜென்ட்டுக்குக் கொடுப்பது அந்தக் கணக்குக்கு வெளியே.

ஆகவே யாராவது கேட்டால் இப்போது நான் சொல்வது இதுதான். சம்பளச் சீட்டும் நல்ல மதிப்பெண்ணும் இருந்தால் முதலில் இரண்டு வங்கிக்கு நீங்களே போய் எழுத்தில் வட்டி வாங்குங்கள். கதவு திறக்கவில்லை என்றால் ஏஜென்ட்டிடம் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தக் கடனில் உங்களுக்கு யார், எவ்வளவு தருகிறார்கள்? நீங்கள் சொன்னதை உங்கள் பெயர் போட்டு எனக்கு எழுதி அனுப்ப முடியுமா?

*

தாத்தாவின் பத்திரத்துக்கு ஒரு பின்கதை உண்டு. அதன் பின்பக்கத்தில் வட்டி வரவு வைத்த குறிப்புகள் வரிசையாக இருக்கின்றன. 1958க்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒன்றும் இல்லை. கடன் கொடுத்தவர் கும்பகோணம் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார், இரண்டு வருட வட்டி பாக்கி என்று. தாத்தா ரொக்கமாகக் கொடுத்திருந்தார். பின்பக்கத்தில் எழுதி வாங்கத் தவறிவிட்டார்.

பத்திரத்தில் கையெழுத்திட்ட சாட்சி என்பதால் தரகரைக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறியவர், இரண்டு முறை தன் முன்னாலேயே பணம் கைமாறியது என்று சொன்னார். பாக்கி 450 ரூபாய் என்ற கணக்கு அதோடு உடைந்தது. வீடு தங்கியது. நான் பிறந்தது அந்த வீட்டில்.

"அவர் ரொம்ப யோக்கியரா?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"யோக்கியமாவது. ரெண்டு பக்கமும் காசு வாங்கினவர்தான். ஆனா ரெண்டு பேர் கண்ணு முன்னாடியும் வாங்கினார். கையெழுத்தும் போட்டுட்டார். அப்புறம் எப்படிடா மாத்திப் பேசுவார்?"

என் தொழிலில் ஒவ்வொரு வரி நிரலுக்கும் அதை யார் எழுதினார், என்றைக்கு எழுதினார் என்ற பதிவு உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது உடைந்தால் அந்தப் பெயரைத்தான் முதலில் தேடுவோம். தண்டிக்க அல்ல, எழுதியவருக்குத்தான் அது தெரியும் என்பதால்.

போன வாரம் என் 68 பக்க ஒப்பந்தத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தின் பின்னால் பேனாவால் அந்தப் பையனின் பெயரையும், அவன் எங்கள் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதியையும், காப்பீடு பற்றி அவன் சொன்ன வாக்கியத்தையும் எழுதி வைத்தேன். சட்டப்படி அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. இன்னும் 17 வருடம் கட்ட வேண்டியிருக்கிறது.